ஈசான மூலையில் ஒரு கண்ணாடிக் குச்சி

அத்தியாயம் 6

"மீனுன்னு சொல்லாதீங்கய்யா. எம் புள்ளைங்க அதுங்க!"

பெரியண்ணன் போட்ட சத்தத்தில் புத்தூர் பங்களாவின் முன்கூடமே அதிர்ந்தது. மில் இரைச்சலை மீறிக் கத்திக் கத்திப் பழகிப்போன தொண்டை. ஜீயபுரத்தில் ரைஸ் மில்லும் வாழைத் தோப்புமாகச் செழிப்பாக வாழ்கிற மனிதர். பிள்ளை குட்டி மட்டும் கிடையாது. சிங்கப்பூரிலிருந்து பிளேனில் வரவழைத்த, தட்டுப் போல வட்டமான அலங்கார மீன்களைத்தான் சில வருஷங்களாகக் கொஞ்சி வளர்த்து வந்தார். நீலமும் சிவப்புமாக வரியோடிய அந்த மீன்களைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமையானால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வாசலில் வரிசை கட்டுவார்கள். காலணா வாங்கமாட்டார். போதாக்குறைக்குக் கடலை மிட்டாய் வேறு கொடுத்து அனுப்புவார். அத்தனை மீனும் நேற்றுக் காலையில் மல்லாந்து மிதந்தன.

"எங்க வீட்டுல மீன் செத்து வந்தாத்தான் சந்தோஷம்" என்று தாவூது முணுமுணுத்தான்.

"சும்மா இரு" என்றார் இருதயநாதன்.

ஷேக் தாவூதுக்குச் சும்மா இருக்க வராது. டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து, வாய்த்துடுக்கால் வேலையைத் தொலைத்தவன். பொன்மலை ரயில்வே பட்டறையில் காவல் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற இருதயநாதன், தனியாகத் துப்பறியும் தொழில் தொடங்கியபோது அவனைச் சேர்த்துக்கொண்டார். அவர் நிதானம், இவன் பரபரப்பு. இன்றைக்குக் காலையிலிருந்தே அவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கூடத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தான். சாயங்காலம் நாலு மணிக்கு இன்ஸ்பெக்டர் வருகிறார். அதற்குள் ஏதாவது கிடைத்தாக வேண்டும்.

கிடைக்காவிட்டால் போச்சு, டோரதியின் வாழ்க்கையே போச்சு.

அவள் கண்ணாடித் தொட்டியின் பக்கத்தில் நின்றிருந்தாள். விலங்கியல் படித்த பெண். மேலப்புதூரிலிருந்து சைக்கிளில் வந்து இந்த மீன்களைக் கவனித்துக்கொண்டவள் அவள்தான். ராமநாதபுரம் பக்கம் ஒரு சர்க்கார் மீன் ஆராய்ச்சி நிலையத்தில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. இன்று ராத்திரி ரயில். திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும். அப்பா இல்லாத வீடு, படிக்கிற தம்பிகள் இரண்டு பேர். போலீஸ் கேஸ் என்று ஒன்று விழுந்துவிட்டால் சர்க்கார் வேலையை அவள் மறந்துவிட வேண்டியதுதான்.

"அமில பாட்டில் பாதிக்கு மேல காலிங்க" என்றார் பெரியண்ணன். "எம் புள்ளைங்களுக்கு ஊத்திக் கொன்னுட்டு, இன்னிக்கு ரயில் ஏறப் பாக்குது. நான் சம்பளம் ஏத்தித் தரேன், போகாதேன்னு கெஞ்சினேன். போறப்ப யாரும் நல்லா இருக்கக் கூடாதுன்னு பண்ணிட்டுப் போகுது. உங்க மாதா கோயில் பொண்ணுன்னுதானே நீங்களும் கெளம்பி வந்திருக்கீங்க?"

இருதயநாதனுக்குக் கோபம் வந்தது தாவூதுக்குத் தெரிந்தது; காது மடல் சிவக்கும். ஆனால் குரல் மாறவில்லை. "எங்க கோயில் பொண்ணு தப்புப் பண்ணியிருந்தா நானே இன்ஸ்பெக்டர் ஜீப்புல ஏத்தி விடுறேங்க. நீ சொல்லும்மா டோரதி."

"ஆயுத பூஜைக்கும் விஜயதசமிக்கும் ஐயா எனக்கு லீவு விட்டாங்க சார். மறுநாள் வந்தேன். தொட்டியில தண்ணி கொறைஞ்சதுன்னு போர் தண்ணியை ஊத்தி வச்சிருந்தாங்க. நம்ம ஊர் போர் தண்ணி காரம். இந்த மீனுக்கு அது ஆகாது, லேசா அமிலமா இருக்கணும். தண்ணி அமிலமா காரமான்னு காட்டுற மீட்டரைப் பார்த்தேன், காரம்னுதான் காட்டுச்சு. கரைச்ச அமிலத்தைச் சொட்டுச் சொட்டா விட்டேன். முள்ளு அசையலை. பொறுத்துப் பார்த்து இன்னும் கொஞ்சம் விட்டேன். அப்பவும் அசையலை. புதுத் தண்ணியில காரம் ரொம்ப ஜாஸ்தி போலன்னு நெனச்சுட்டேன் சார். சாயங்காலம் வரைக்கும் விட்டேன். முள்ளை நம்பினேன்."

"முள்ளு சரியாத்தாங்க இருக்கு!" பெரியண்ணன் மேஜையில் அறைந்தார். "மீட்டர் ரிப்பேர்க்காரர் சீரங்கத்துச் சடகோபன் நேத்து சாயங்காலம் வந்து சோதிச்சுப் பாத்துட்டாரு. கடுகளவு தப்பில்லேன்னுட்டாரு. அப்ப பொய் சொல்றது முள்ளா, இந்தப் பொண்ணா?"

தாவூது நடையை நிறுத்தினான். கேள்வி என்னவோ சரியான கேள்விதான்.

இருதயநாதன் தொட்டியருகே குனிந்தார். ஆளை நிற்க வைத்துக் குளிப்பாட்டலாம், அவ்வளவு பெரிய தொட்டி. நடுவில் காற்றுக் குமிழிகள் மேலே வந்துகொண்டிருந்தன. சுவர் அலமாரியில் மீட்டர் பெட்டி. அதிலிருந்து ஒரு வயர் இறங்கித் தண்ணீருக்குள் போயிற்று. வயரின் கோடியில் விரல் கனத்தில் ஒரு கண்ணாடிக் குச்சி. தலையில் கறுப்பு மூடி, அடியில் நாவற்பழம் அளவில் மெல்லிய குமிழ். அந்தக் குமிழ்தான் தண்ணீரை ருசி பார்த்து மீட்டருக்குச் சொல்ல வேண்டும். குச்சி தொட்டியின் ஒரு மூலையில், பெரிய கல்லுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு நின்றது.

"இது எப்பவும் இங்கேதான் இருக்குமாம்மா?"

"இல்ல சார். நடுவுல, தண்ணி நல்லா ஓடுற இடத்துலதான் மாட்டியிருப்போம். லீவு முடிஞ்சு வந்தப்ப இங்கே இருந்துச்சு. சடகோபன் சார் வந்து மாத்தி வச்சிருப்பார்னு நெனச்சு நானும் தொடலை. அவர் நேத்து சோதிச்சுட்டு, இருந்த எடத்துலேயே வச்சுட்டுப் போயிட்டார்."

"தாவூது, கெழக்கு எந்தப் பக்கம்?"

"என்னண்ணே, தொழப் போறீங்களா? எனக்கு மேற்குதான் தெரியும். அதுக்கு எதிர்ப்பக்கம் கெழக்கு." கையை நீட்டிக் காட்டினான்.

இருதயநாதன் தலையை ஆட்டிக்கொண்டார். குச்சியை மூடியைப் பிடித்து மெல்லத் தூக்கி, மூக்கருகே கொண்டுபோனார். மூடிக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒரு வெடிப்பு. தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருப்பது. சட்டைப்பையிலிருந்து ஒரு தீக்குச்சியை எடுத்து அந்த வெடிப்பைச் சுரண்டினார். காகிதத்தில் கொஞ்சம் பொடி விழுந்தது. மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"நாலு மணிக்கு வந்துடுறோம்" என்று பெரியண்ணனிடம் சொன்னார். "அதுவரைக்கும் இந்தத் தண்ணியை மாத்தாதீங்க. குச்சியையும் யாரும் தொட வேண்டாம்."

"அதை என்னைத் தவிர யாருங்க தொடுவாங்க? இந்தக் கூடத்துக்குள்ள வேலைக்காரங்களையே விடமாட்டேன்" என்றார் பெரியண்ணன்.

*

சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து சீரங்கம் போகிற பஸ் பிதுங்கி வழிந்தது. கண்டக்டர் தாவூதின் பழைய சிநேகிதன். இருதயநாதனுக்கு உட்கார இடம் கிடைத்தது. தாவூது படியில் தொங்கினான். அதுதான் அவனுக்கு வசதி. காவேரிப் பாலத்தில் மாட்டு வண்டி ஒன்று குறுக்கே நின்றுவிட, பஸ் நின்றது. கீழே ஆறு இரு கரையும் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. தாவூது இறங்கினான், ஏறினான், மறுபடி இறங்கி வண்டிக்காரனை ஒரு பாடு திட்டித் தீர்த்தான், மாட்டின் முதுகில் கையை வைத்துத் தள்ளியும் பார்த்தான். மாடு அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"வந்து ஏறிக்கப்பா. நீ தள்ளி அது நகரப் போறதில்ல."

"எப்படிண்ணே உங்களால முடியுது? அங்கே அந்தப் புள்ளை மூஞ்சியைப் பாத்தீங்களா? ராத்திரி ரயிலுக்குப் பெட்டி கட்டிட்டாளாம். பெட்டி ஒரு பக்கம், இவ ஒரு பக்கம் போயிடுவா போலிருக்கு." ஜன்னலுக்குக் கீழே நின்று குரலைத் தணித்தான். "எனக்கு ஆள் தெரிஞ்சு போச்சு. சடகோபன்தான். குச்சியை இடம் மாத்தினவன் அவன். ஏதோ கெடுத்து வச்சுட்டு, கேட்டதும் சரியா இருக்குன்னு சொல்லிட்டான். அந்தப் பொடியில என்ன வாசனை? நானும்தான் எட்டி மோந்தேனே. சந்தனம்! சந்தனம்னா யாரு? சீரங்கம்!"

"நம்ம மலைக்கோட்டைக்குக் கீழே கடை வச்சிருக்கிற அத்தர் ஷேக்கு மேலேயும் சந்தன வாசம்தான் அடிக்குது. அவரைப் புடிச்சுப் போடலாமா?"

"அவரு என் மாமனாரு. தாராளமாப் போடுங்க" என்றான் தாவூது. மாடு நகர்ந்தது.

வடக்குச் சித்திரை வீதியில் சடகோபனின் வீட்டு முன்னறை முழுக்க மீட்டர்கள், தராசுகள், காலேஜ் சோதனைச்சாலையிலிருந்து ரிப்பேருக்கு வந்த பெட்டிகள். நெற்றியில் பளிச்சென்று திருமண். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு ஏதோ சின்ன ஸ்க்ரூவைத் தேடிக்கொண்டிருந்தார். ஸ்க்ரூ தாவூதின் செருப்படியில் இருந்தது.

விஷயத்தைக் கேட்டதும் அவருக்கு மூக்கு விடைத்தது. "நானா? அந்த மூலையிலேயா? ஏன் ஸ்வாமி, எனக்கென்ன புத்தி பேதலிச்சுடுத்தா? கல்லுக்குப் பின்னாலே தண்ணி அசையவே அசையாதே. இந்தண்டை அமிலத்தை விட்டா அந்தண்டை போய்ச் சேர எத்தனை நாழியாகும்! நவராத்திரிக்கு முன்னாடி நான் போனப்போ நடுவிலேதான் இருந்தது. நேத்திக்குப் போய்ப் பார்த்தா ஈசான மூலையிலே இருக்கு. பெரிய மனுஷர் வீடு, நமக்கேன் வம்புன்னு இருந்த இடத்திலேயே வச்சுட்டு வந்துட்டேன்."

"ஈசான மூலை" என்றார் இருதயநாதன் மெதுவாக. "சரியாச் சொன்னீங்க. வடகிழக்கு. வீட்டுல சாமி வைக்கிற மூலை. மீட்டர்க்காரன் தண்ணி ஓடுற இடம் எதுன்னு பார்ப்பான். திசை பார்த்து வைக்கிறவன் வேற ஆளு."

தாவூதுக்கு எரிச்சலாக வந்தது. "அதெல்லாம் சரி, சந்தனம்?"

இருதயநாதன் காகிதத்தை விரித்தார். சடகோபன் மூக்குக்கண்ணாடியை இறக்கி, குனிந்து முகர்ந்தார். "சந்தனந்தான். குங்குமமும் இருக்கு. அடியிலே வெள்ளையா என்னது, உப்பா?" விரல் நுனியால் தேய்த்துப் பார்த்தவர் சட்டென்று கையை உதறிக்கொண்டார். "ரங்கா! இது நீறுன்னா! விபூதி! இதை அடியேன் பூசினேன்னு வந்தேளா? எங்காத்திலே பொட்டு வைக்கிறதுன்னா திருமண்ணும் ஸ்ரீசூர்ணமுந்தான் வைப்போம். ஏழு தலைமுறைக்குத் தேடினாலும் இந்த வீட்டிலே ஒரு சிட்டிகை நீறு கிடைக்காது."

தாவூது சடகோபனின் நெற்றியைப் பார்த்தான், காகிதத்தைப் பார்த்தான். அவன் பிடித்துவைத்திருந்த ஆள் கண்ணெதிரே நழுவிப் போனார். டோரதி ஞாயிற்றுக்கிழமை பூசை தவறாத பெண், அவளுக்கும் விபூதிக்கும் சம்பந்தமில்லை. மிச்சம் யார்?

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க" என்றார் இருதயநாதன். "அந்தக் கண்ணாடிக் குமிழைத் துடைச்சு ரெண்டு நாள் வெளியே காய வச்சா என்ன ஆகும்?"

சடகோபன் பதறிப்போனார். "ஐயையோ, காயவே விடப்படாது! தண்ணியை விட்டு எடுத்தாலும் ஈரத்திலேயே வச்சிருக்கணும். வாங்கித் தரச்சேயே அந்தப் பொண்ணுகிட்டே தலைபாடா அடிச்சுண்டேனே. காஞ்சா முள்ளு மந்தமாயிடும். தண்ணி மாறினாலும் அது பாட்டுக்கு இருந்த இடத்திலேயே நிக்கும். மறுபடி தண்ணியிலே ஊற ஊறத்தான் உயிர் வரும், அதுக்கும் ஒரு நாளுக்கு மேலே ஆகும்."

"ஒண்ணரை நாள் ஊறினதும் நீங்க போய் சோதிச்சீங்க. சரியா இருந்துச்சு."

சடகோபன் மெல்ல, "அந்தப் பொண்ணு பாவம்" என்றார். உள்ளே போய், ஒரு டப்பாவைக் கொண்டு வந்தார். அதற்குள் வருஷக்கணக்காகக் காய்ந்து கிடந்த பழைய கண்ணாடிக் குச்சி ஒன்று. "எடுத்துண்டு போங்கோ. சொன்னா நம்பமாட்டா. கண்ணாலே பார்க்கட்டும்."

திரும்பும் பஸ்ஸில் தாவூது நகத்தைக் கடித்துத் துப்பினான். "பூஜை போட்டது பெரியண்ணன்தான். வேற யாரும் தொடமாட்டாங்கன்னு அவரே சொல்லிட்டாரு. ஆனா இன்ஸ்பெக்டர் முன்னாடி இல்லேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா? ஒரு சிட்டிகை விபூதியைக் கையில வச்சுகிட்டு நாம என்ன பண்றது, நெத்தியில இட்டுகிட்டு வீட்டுக்குப் போறதா?"

"அவரு கொலைகாரர் இல்லப்பா. தான் செஞ்சது தப்புன்னே அவருக்குத் தெரியாது. கேட்டா மிரண்டுபோய் மறைப்பாரு. அவரா சொல்லணும்." இருதயநாதன் அவன் காதருகே குனிந்து ஏதோ சொன்னார். தாவூது முதலில் முழித்தான். அப்புறம் அவன் பல்லெல்லாம் தெரிந்தது.

*

அவர்கள் பங்களாவுக்குத் திரும்பியபோது இன்ஸ்பெக்டர் காபி குடித்துக்கொண்டிருந்தார். டோரதி ஒரு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். கைக்குட்டையை முறுக்கி முறுக்கிக் கயிறாக்கி வைத்திருந்தாள்.

"என்னங்க, சீரங்கம் போயி பெருமாளைச் சேவிச்சுட்டு வந்தாச்சா?" என்றார் பெரியண்ணன்.

"ஆச்சுங்க. மீட்டர்ல பழுதில்லேன்னுதான் சடகோபனும் சொல்றாரு" என்று இருதயநாதன் ஓரமாக உட்கார்ந்துவிட்டார்.

டோரதி முகம் விழுந்துவிட்டது. தாவூதுக்கு மனசு கேட்கவில்லை. சீக்கிரம், சீக்கிரம் என்று உள்ளே ஒன்று அடித்துக்கொண்டது. ஆனாலும் அலட்சியமாக நடந்துபோய் மீட்டர் பெட்டியை இப்படியும் அப்படியும் பார்த்தான். உச்சுக் கொட்டினான்.

"என்னய்யா?" என்றார் பெரியண்ணன்.

"ஒண்ணுமில்லீங்க முதலாளி. நான் பஸ்ஸுல கெடந்தவன். நான் துலுக்கன்தான், இருந்தாலும் ஆயுத பூஜைன்னா எங்க டிரைவர் அண்ணன் என் விசிலுக்குக்கூடச் சந்தனம் வச்சுட்டுத்தான் வண்டியை எடுப்பாரு. இங்கே வரும்போதே பாத்தேன். வாசல்ல லாரிக்குப் பொட்டு, ரேடியோவுக்குப் பொட்டு, அந்த மூலையில கெடக்குற தையல் மெஷினுக்கும் பொட்டு. இந்த மீட்டர் பெட்டியில மட்டும் ஒண்ணும் காணோம். அவசரத்துல மறந்துட்டீங்க போல. இத்தினிக்கூண்டு சாமானை யாரு ஞாபகம் வச்சிருப்பா? அதான் சரஸ்வதியம்மா கோவிச்சுகிட்டு மீனைக் கொண்டு போயிட்டாங்க."

பெரியண்ணன் எழுந்தார். முகம் ரத்தமாகச் சிவந்துவிட்டது.

"யாரைப் பாத்துச் சொல்றே? நானா மறப்பேன்? எங்கப்பன் காலத்துலேருந்து எங்க வீட்டுல ஒரு சுத்தியல் பூஜை இல்லாம கெடந்ததில்ல! பெட்டியில பூசினா முள்ளு ஆடிப்போயிடும்னு, என் கையால அந்தக் குச்சியையே எடுத்தேன்டா! பன்னீர்ல குளிப்பாட்டினேன். புதுத் துண்டால ஈரம் போகத் தொடைச்சேன். முனையிலேருந்து மூடி வரைக்கும் விபூதி பூசி, சந்தனம், குங்குமம் வச்சு, பட்டு விரிச்சு அம்மா காலடியில படுக்க வச்சேன். ரெண்டு நாள் ஒரு சொட்டுத் தண்ணி படலை! மூணாம் நாள் விடியக்காலம், நல்ல நேரம் பாத்து, ஈசான மூலையில கொண்டு சேர்த்தேன். மறந்துட்டேனாம், மறந்துட்டேன்!"

இன்ஸ்பெக்டர் காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

டோரதி எழுந்து நின்றாள். "காய வச்சீங்களா? ரெண்டு நாளா? ஐயா, அதைக் காய வைக்கக் கூடாதுங்கய்யா!"

"காஞ்சா என்ன? கண்ணாடிதானே அது!"

"ரெண்டு எலுமிச்சம்பழம் இருக்குங்களா?" என்றார் இருதயநாதன்.

தாவூது சமையல்கட்டுக்கு ஓடினான். ஓடின வேகத்தில் சமையல்காரி அலறிவிட்டாள். ஒரு டம்ளர் தண்ணீரில் இரண்டு பழத்தையும் பிழிந்தார்கள். சடகோபன் கொடுத்த காய்ந்த குச்சியை டோரதி மீட்டரில் மாட்டினாள். முதலில் வெறும் தண்ணீரில் வைத்தாள். முள் நடுவில் நின்றது. எலுமிச்சைச் சாற்றில் வைத்தாள். முள் நடுவிலேயே நின்றது.

"அந்தச் சாறைக் குடிங்க முதலாளி" என்றான் தாவூது. "மீட்டர் பச்சைத் தண்ணிங்குது."

பெரியண்ணன் வாயில் வைத்தார். முகம் சுருங்கியது.

டோரதி தொட்டியில் ஊறிக்கொண்டிருந்த குச்சியை எடுத்துக் கழுவி மாட்டி, அதே டம்ளரில் விட்டாள். முள் விறுவிறுவென்று புளிப்பின் பக்கம் ஓடிப்போய் நின்றது.

"தொட்டியில இருந்த இந்தக் குச்சிதான் அன்னிக்கு அந்தக் காஞ்ச குச்சி மாதிரி இருந்துச்சு" என்றார் இருதயநாதன். "காஞ்சு போனது, சந்தனம் பூசினது, தண்ணி அசையாத மூலையில நின்னது. இந்தப் பொண்ணு அமிலத்தை விட விட, அது ஒண்ணுமே ஆகலேன்னு சொல்லிகிட்டே இருந்துச்சு. உங்களுக்கும் கெட்ட எண்ணம்னு நான் சொல்லலை. மூடி வெடிப்புல இருந்தது விபூதி. சடகோபன் தொடமாட்டாரு, டோரதிக்கு வழக்கமில்ல."

பெரியண்ணன் தொட்டியைப் பார்த்தார். அதற்குள் ஒரு மீன்கூட இல்லை. பிறகு தன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்துக்கொண்டார். "எங் கையாலயா?" என்றார். தாவூது அந்தக் குரலை இதுவரை கேட்டதில்லை. மில்லுக்காரர் குரலே இல்லை அது. "நல்லா இருக்கட்டும்னுதானே வச்சேன். எங் கையாலயே கொன்னுட்டேனா?" தரையில் அப்படியே உட்கார்ந்து, துண்டை வாயில் பொத்திக்கொண்டு குலுங்கினார். தாவூதுக்கு, ஜெயித்த சந்தோஷம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

டோரதியும் அழுதாள். ஆனால் துடைத்துக்கொண்டு பேசினாள். "எனக்கும் அந்த மீனுங்க மேல பிரியந்தான்யா. முள்ளு அத்தனை நேரம் அசையாதப்ப நானும் சந்தேகப்பட்டிருக்கணும், அந்த வேதனை எனக்கு இருக்கு. நீங்க பூஜை போட்டது தெரியாமப் பண்ணினது. என்னைக் கொலைகாரின்னீங்களே, அது தெரியாமச் சொன்னதா?"

இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்துக்கொண்டார். "கேஸ் ஒண்ணும் இல்லேன்னு நெனைக்கிறேன். நான் வரட்டுமா?"

"இருங்க" என்றார் பெரியண்ணன், தலை நிமிராமல். "ஒண்ணு சொல்லணும். காலையில ஆத்திரத்துல அந்த ராமநாதபுரத்து ஆபீஸுக்குத் தந்தி குடுத்துட்டேன். இந்தப் பொண்ணு வெசம் வச்சவ, போலீஸ் கேஸ் இருக்கு, சேக்காதீங்கன்னு."

டோரதி நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். இருதயநாதனின் காது மடல் சிவந்தது. பேசி முடித்து, வாதாடி, எலுமிச்சம்பழம் பிழிந்து என்ன பிரயோஜனம்! திங்கட்கிழமை அவள் போய் நிற்கும்போது வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

"எந்திரிங்க!" தாவூது மில் முதலாளியின் தோளைப் பிடித்துத் தூக்கினான். "அழறதை அப்புறம் அழுதுக்கலாம். தந்தியாபீஸ் மூடறதுக்குள்ள ஓடலாம், எந்திரிங்க!"

லாரியில்தான் போனார்கள். டிரைவர் சாப்பிடப் போயிருந்ததால் பெரியண்ணனே ஓட்டினார். பக்கத்தில் டோரதி, இருதயநாதன். பின்னால் தவிட்டு மூட்டைகளின் மேல் தாவூது. ஒவ்வொரு திருப்பத்திலும் அவன் அல்லாவைக் கூப்பிட்டான்.

தபாலாபீஸின் தந்திக் கவுண்டரில் நல்ல கூட்டம். காந்தி மார்க்கெட் மண்டிக்காரர்கள், நெல் வியாபாரிகள், பெரியண்ணனை நன்றாகத் தெரிந்தவர்கள். "வாங்க முதலாளி, என்ன இப்படி வேர்த்துக் கொட்டுது?" என்று வழி விட்டார்கள். அவர் யாருக்கும் பதில் சொல்லாமல் கவுண்டரில் கையை ஊன்றி நின்றார்.

"சொல்லுங்க, நான் இங்கிலீஷ்ல எழுதிக்கிறேன்" என்றார் கிளார்க்.

பெரியண்ணனுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. சொன்னது கூடம் முழுக்கக் கேட்டது. "டோரதி குத்தமில்லாத பொண்ணு. நான் காலையில அனுப்பின தந்தி பொய். மீனுங்களைக் கொன்னது நான். இப்படிக்கு ஜீயபுரம் பெரியண்ணன்."

பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கிளார்க் தலையைத் தூக்கிப் பார்த்தார், குரலைத் தணித்தார். "இவ்வளவு எதுக்குங்க? முன் தந்தி ரத்துன்னு போட்டாப் போதும். கௌரவமா முடிஞ்சிடும்."

"வேண்டாம். சொன்னதைப் போடுங்க."

கிளார்க் எழுதினார். வாய்விட்டுப் படித்துக் காட்டினார். "டோரதி இன்னசென்ட். மார்னிங் டெலிகிராம் ஃபால்ஸ். ஐ கில்ட் தி ஃபிஷ்."

"அந்தக் கடைசியில சொன்னீங்களே, அதுக்கு என்ன அர்த்தம்?"

கிளார்க் சொல்லத் தயங்கினார். பெரியண்ணன் டோரதியின் பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா."

"மீனை நான்தான் கொன்னேன்னு அர்த்தங்கய்யா" என்றாள் அவள்.

பெரியண்ணன் சட்டைப்பையிலிருந்து பணத்தை எடுத்துக் கவுண்டரில் வைத்தார்.

"அப்படியே அனுப்புங்க" என்றார்.